பெத்ரோனிலாவின் புருஷன் கள்ளச் சரக்கான கதை

ஸ்பெயின் ராஜா ஆண்ட கார்த்தாகோ ஊரில் பெத்ரோனிலாவுக்கு வேலை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. சாக்லேட் அரைப்பது அவள் தொழில். பெரிய வீடுகளில் விடிந்தால் சாக்லேட், மதியத் தூக்கம் கலைந்தால் சாக்லேட், பாதிரியார் எட்டிப் பார்த்தால் சாக்லேட். யாராவது செத்துப்போனால் துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அதுதான். ஆனால் குடிக்கிற கூட்டத்தில் ஒருவர்கூட அரைக்கிற ஆள் இல்லை. கொக்கோ விதையை வறுத்து, தோலை ஊதித் தள்ளி, மூன்று காலில் சரிந்து நிற்கும் அம்மிக்கு அடியில் கரி நெருப்பைத் தள்ளி, முட்டி போட்டு அரைக்க வேண்டும். கல் சூடேறினால்தான் விதை எண்ணெய் கக்கும். பெத்ரோனிலாவின் முட்டிகள் இரண்டும் முப்பது வயதுக்குள்ளேயே காய்த்துப் போயிருந்தன.

கடைவதில்தான் அவள் கெட்டிக்காரி. பட்டையும் வெல்லமும் சேர்த்துக் கொதிக்க வைத்து, மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள் என்றால் நுரை, குடிக்கிற சுரைக் குடுக்கைக்கு மேலே இரண்டு விரல் உயரம் நிற்கும். நுரை செத்த சாக்லேட்டை விருந்தாளி முன்னால் வைப்பது அந்த ஊரில் அவரை வாசலோடு போகச் சொன்னதற்குச் சமம். அதனால் விருந்தாளி வரும் வீட்டில் எல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் யாருக்கும் அடிமை இல்லை. அவள் அம்மா காலத்திலேயே விடுதலை வாங்கிவிட்ட குடும்பம். கலப்பு நிறத்து ஜனங்கள் குடியிருக்கும் ஊர்க்கோடியில் சொந்தமாக ஒரு கூரை வீடு, நாலு கோழி, கொஞ்சம் நீளமான வாய், இவ்வளவும் அவளுக்கு இருந்தன. ஆனால் அவள் கட்டிக்கொண்ட எவரிஸ்தோ அடிமை. அகெதா அம்மாள் என்ற பணக்கார விதவையின் வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே வளர்ந்தவன்.

"ஊர்ல ஆம்பளையே இல்லாத மாதிரி போயும் போயும் இன்னொருத்தி சொத்தைக் கட்டிக்கிட்டியேடி," என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள்.

"சொத்தில்லாதவனைக் கட்டுறதுக்கு சொத்தையே கட்டிக்கலாம்னுதான்," என்பாள் பெத்ரோனிலா. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு வராது.

எவரிஸ்தோவுக்கு வேலை மலைக்குக் கீழே, மத்தினா கடற்கரையில் அகெதா அம்மாளின் கொக்கோத் தோட்டத்தில். கோவேறு கழுதையில் போனால் பத்து நாள் வழி. எஜமானர்கள் எல்லாரும் மேலே கார்த்தாகோவின் குளிரில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே மழையிலும் பாம்பிலும் காய்ச்சலிலும் கிடந்து மரம் வளர்ப்பது அடிமைகள். ஜூன் மாச யோவான் திருநாளுக்கு ஒரு அறுவடை, கிறிஸ்துமஸுக்கு ஒரு அறுவடை. மூட்டையோடு மூட்டையாக எவரிஸ்தோவும் வருஷத்துக்கு இரண்டு தடவை மலையேறி வருவான். வந்தால் எட்டு நாள் இருப்பான். அந்தப் பதினாறு நாளுக்காக மிச்சம் உள்ள வருஷத்தை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை வந்தபோது அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "அகெதா அம்மா வாக்கு கொடுத்துட்டாங்கடி. ஆத்தோரமா ஆயிரம் கன்னு புதுசா வைக்கணுமாம். அத்தனையும் காய்ச்சா என்னை விட்டுடுவாங்களாம்."

"எழுதிக் கொடுத்தாங்களா?"

"வாயால சொன்னாங்க. அவங்க பால் குடிச்ச வீட்டுலதானே நானும் வளர்ந்தேன்?"

"அவங்க பால் குடிச்சாங்க. நீ பாத்திரம் கழுவுனே," என்றாள் பெத்ரோனிலா. ஆனாலும் அன்றிலிருந்து அவளும் மனசுக்குள் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். கொக்கோ காய்க்க ஐந்து வருஷம் ஆகும். ஐந்து வருஷம்தானே என்று இருந்தது.

இந்த இடத்தில் மத்தினா வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பெயின் ராஜாவின் கப்பலைத் தவிர வேறு யாருக்கும் ஒரு கொக்கோ விதைகூட விற்கக்கூடாது என்பது சட்டம். ராஜாவின் கப்பலோ வருஷக் கணக்கில் அந்தப் பக்கமே தலைகாட்டாது. வருவது ஜமைக்காவிலிருந்து இங்கிலீஷ்காரன். தூரத்தில் நங்கூரம் போட்டு ஒரு வெடி வெடிப்பான். வெடிச்சத்தம் கேட்டதும் தோட்டத்து ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவார்கள். கொக்கோ போகும், துணியும் கோடாலியும் வரும். அந்தத் துணிதான் கார்த்தாகோவில் துரைசாணிகள் இடுப்பில் சரசரக்கும். சுங்க அதிகாரி ஃபெர்மீன் துரையின் மனைவி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்திக்கொண்டு போகும் பட்டும் அப்படி வந்ததுதான். எங்கிருந்து வந்தது என்று துரை கேட்டதாக யாரும் சொல்லிக் கேள்விப்படவில்லை.

நாலாவது வருஷ கிறிஸ்துமஸ் அறுவடை. கடலில் ஒரு வெடி. அதே கப்பல், அதே கேப்டன், கையை ஆட்டிக் கூப்பிடுகிறான். எவரிஸ்தோவும் இன்னும் பதினோரு பேரும் வழக்கம்போல மூட்டையோடு கரைக்குப் போனார்கள். கடைசி மூட்டை ஏறிய பிறகுதான், மேட்டுக்குப் பின்னாலிருந்து, இங்கிலீஷ்காரனோடு கூட்டுச் சேர்ந்த மொஸ்கீத்தோ பழங்குடி ஆட்களின் நீளப் படகுகள் வெளியே வந்தன. எல்லார் கையிலும் இங்கிலீஷ்காரன் கொடுத்த துப்பாக்கி. போன தடவை வாங்க வந்தவன் இந்தத் தடவை பிடுங்க வந்திருந்தான். கொக்கோவையும் ஏற்றினார்கள், தூக்கி வந்த பன்னிரண்டு பேரையும் ஏற்றினார்கள்.

செய்தி மலையேறி வர பத்து நாள் ஆயிற்று. அகெதா அம்மாள் வீட்டில் ஒப்பாரி. பெத்ரோனிலா ஓடிப்போய் வாசலில் நின்றாள். "ஐயோ, நாப்பது மூட்டை! நாப்பது மூட்டை!" என்று அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆளுங்க?" என்றாள் பெத்ரோனிலா.

"ஆளும்தான் போச்சு," என்றார் அகெதா அம்மாள். அழுகை நிஜமான அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது. மூட்டைக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரே அழுகையாக அழுதார், அவ்வளவுதான்.

அதன்பிறகு நாலு வருஷம். மறு கல்யாணம் செய்துகொள் என்றார்கள் சிலர். செத்தவனுக்குத்தானே பூசை வைக்கணும், இருக்கிறானா செத்தானா என்று தெரியாதவனுக்கு என்ன செய்வது என்று பாதிரியாரே முழித்தார். அவள் அரைத்தாள், கடைந்தாள், வீட்டுக்குப் போய்க் கோழியை அடைத்தாள். மத்தினாவிலிருந்து யார் வந்தாலும் போய்க் கேட்பாள். எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் கோழியைத் திறந்துவிட வெளியே வந்தவள், வேலி ஓரத்தில் ஒரு ஆள் குந்தியிருப்பதைப் பார்த்துக் குச்சியை எடுத்தாள்.

"கோழியைத் திருட வரலடி. ஒரு சோள ரொட்டி இருந்தா கொடு, போதும்," என்றது அந்த ஆள்.

குச்சி கீழே விழுந்தது. அவள் கத்தவில்லை. கிட்டே போய் அவன் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே அவன்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

நாலு வருஷத்துக் கதையை அவன் ஒரு ரொட்டி முடிவதற்குள் சொல்லி முடித்தான். ஜமைக்காவில் அவனை ஆமை பிடிக்கிற ஒரு இங்கிலீஷ்காரனுக்கு விற்றார்கள். ஆமை தேடி இந்தக் கரையோரமாக வந்தபோது தண்ணீர் பிடிக்க இறங்கினார்கள். இறங்கியவன் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான். காட்டில் பத்தொன்பது நாள்.

"அங்க உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?"

"டாம்."

"டாமா? நாய்க்கு வைக்கிற பேரா இருக்கு!"

"நாய்க்கு நல்ல பேரா வச்சிருந்தாங்க," என்றான் எவரிஸ்தோ. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்புறம் அவன் குரலைத் தாழ்த்தினான். "வர்ற வழியில நம்ம மரத்தையெல்லாம் பார்த்துட்டுத்தான்டி வந்தேன். விடியக்காலைல, யாரும் எழுந்திரிக்கும் முன்னாடி. ஆத்தோரம் பூரா காய்ச்சுக் கிடக்கு. அடிமரத்துலேருந்து காய். இன்னிக்கே அகெதா அம்மாகிட்டப் போறேன். வாக்கு கொடுத்தாங்கல்ல?"

"அவசரப்படாதே," என்றாள் பெத்ரோனிலா. "நாலு வருஷம் நீயா தண்ணி ஊத்துனே, நீயா களை பறிச்சேன்னு கேப்பாங்க. நாப்பது மூட்டை போன கணக்கையும் உன் தலையில கட்டுவாங்க. பணக்காரங்க வாக்கெல்லாம் வாய் ஈரம் காயுற வரைக்கும்தான். ரெண்டு நாள் உள்ளேயே கிட."

ரெண்டு நாள் கிட என்று அவள் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டாம் நாள் ஃபெர்மீன் துரை வீட்டில் விருந்தாளி என்று கூப்பிட்டு அனுப்பியதுதான் வினை.

விருந்தாளி வேறு யாரும் இல்லை, பாதிரியார்தான். அவள் குடுக்கைகளை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். துரை ஏதோ பனாமா சேதி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ்காரன் மதவிரோதி. அவன்கிட்டேருந்து தப்பிச்ச அடிமை நம்ம ராஜா மண்ணுல கால் வச்சா, விடுதலை. ராஜாவே உத்தரவு போட்டிருக்காரு, தெரியுமா சாமி?"

"தெரியும், தெரியும். ஆனா அதுல பாருங்க..." என்று பாதிரியார் ஆரம்பித்தார்.

"ஏய் பெத்ரோனிலா, எங்க பராக்கு பாக்குறே? சாமியாரோட குடுக்கையில நுரை செத்துப்போச்சு பாரு," என்றார் துரைசாணி.

அவள் குடுக்கையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். ஓடினாளா, பறந்தாளா என்று அவளுக்கே தெரியாது. மத்தை உருட்டிய உருட்டில் அன்றைக்கு நுரை மூன்று விரல் நின்றது. அவள் திரும்பி வந்தபோது பேச்சு பிஷப்புடைய கோவேறு கழுதை நொண்டுவதில் போய் நின்றிருந்தது. நடுவில் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கால் வச்சா விடுதலை. வேறென்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்து எவரிஸ்தோவை உட்கார வைத்து, பாடம் சொல்லிக் கொடுத்தாள். "துரை முன்னாடி போய் நிக்கிறே. உன் எஜமான் யாருன்னு கேப்பாரு. அகெதா அம்மா பேரை எடுக்கவே கூடாது. இங்கிலீஷ்காரன்தான் எஜமான், அவன் என்னைக் காசு கொடுத்து வாங்கினான், அவன்கிட்டேருந்து ஓடி வந்தேன், ராஜா உத்தரவுப்படி விடுதலை கொடுங்கன்னு சொல்லணும்."

எவரிஸ்தோ தலையைச் சொறிந்தான். "அந்த ஆமைக்காரனையா எஜமான்னு சொல்றது? வாய் கூசுதுடி. நான் அகெதா அம்மாகிட்டயே..."

"மரத்தை நம்பி ஒருத்தன் எட்டு வருஷம் கெட்டது போதும். ராஜா உத்தரவுய்யா! நான் இந்தக் காதால கேட்டேன். எங்க, ஒரு தடவை சொல்லு பார்ப்போம்."

அவன் சொன்னான். தப்பு வந்த இடத்தில் திருத்தினாள். அவன் மறுபடி சொன்னான். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அவள் சந்தோஷத்தில் ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள்.

மறுநாளே எவரிஸ்தோ போய்த் துரை முன்னால் நின்றான். விசாரணை ஊர்ச்சபைக் கட்டடத்தில் நடந்தது. ஃபெர்மீன் துரை, எழுத்தர், சாட்சிக்குப் பாதிரியார். காலை நேரம், ஆகவே சாக்லேட். ஆகவே பெத்ரோனிலா. தட்டோடு வாசற்படியில் நின்று அவளே எல்லாவற்றையும் கேட்டாள்.

சிலுவையைத் தொடச் சொல்லிச் சத்தியம் வாங்கிய பிறகு துரை கேட்டார். "உன் எஜமான் யாரு?"

"ஜமைக்காவுல ஒரு இங்கிலீஷ்காரன், துரை. ஆமை பிடிக்கிறவன்."

"அவன்கிட்ட எப்படிப் போனே?"

"என்னை வித்தாங்க. அவன் காசு கொடுத்து வாங்கினான்."

எழுத்தர் எழுதினார். மூன்றாம் தடவை சொன்ன மாதிரியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னான். பெத்ரோனிலாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இங்க எதுக்கு வந்தே?"

"விடுதலைக்கு, துரை. மதவிரோதிகிட்டேருந்து தப்பிச்சு வந்தவனுக்கு ராஜா உத்தரவு இருக்கு."

துரை பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் குடுக்கையைக் கீழே வைத்துவிட்டு மீசையைத் துடைத்தார். "அதைத்தான் அன்னிக்கே சொன்னேன் துரைகிட்ட. அது ஞானஸ்நானம் கேட்டு ஓடி வர்றவனுக்குப்பா. உண்மையான வேதத்துல சேரணும்னு வர்ற அஞ்ஞானிக்கு ராஜா கொடுக்கிற பரிசு. உனக்கு நானேதானே தண்ணி ஊத்தினேன்? ஒரு தலையில ரெண்டு தடவை ஊத்த முடியாதே!"

பெத்ரோனிலாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அடுக்களையில் மத்தை உருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பேசி முடிந்துபோன வார்த்தைகள் இவை.

"அப்ப விடுதலை கிடையாது," என்றார் துரை.

எவரிஸ்தோவுக்கு அவனுடைய பழைய யோசனையே ஞாபகம் வந்தது. "அப்படின்னா நான் அகெதா அம்மா ஆளு, துரை. அவங்க வீட்டுலதான் பொறந்தேன். கேட்டுப் பாருங்க."

அகெதா அம்மாளைக் கூப்பிட்டார்கள். பல்லக்கில் வந்து இறங்கி, அவனைப் பார்த்ததும், "அட, எங்க எவரிஸ்தோ!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் ஆளுதான். அனுப்புங்க."

ஃபெர்மீன் துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தக்கூட இல்லை. "அம்மா, உங்க ஆளை எதிரி பிடிச்சான். எதிரி தேசத்துல வித்தாங்க, எதிரி தேசத்துக்காரன் வாங்கினான். இவனே சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கான், எழுதியாச்சு. அப்ப இவன் இங்கிலீஷ்காரன் சொத்து. இங்கிலீஷ்காரன் சொத்து மத்தினா கரை வழியா, அனுமதி இல்லாம, வரி கட்டாம உள்ள வந்திருக்கு. அதுக்குப் பேரு கள்ளச் சரக்கு. கள்ளச் சரக்கு ராஜாவுக்குச் சேரும்."

பெத்ரோனிலா தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். "துரை, அவன் மேல தப்பில்ல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

"பொய்யா?" என்று துரை நிமிர்ந்தார். "அப்ப அவனை இங்கிலீஷ்காரனுக்கு விக்கலையா?"

"வித்தாங்க, துரை."

"அப்ப பொய் இல்லையே," என்றார் துரை, நிஜமாகவே புரியாதவர்போல. எழுத்தர் மணலைத் தூவி மையை உலர்த்தினார். பிடிபட்ட கள்ளச் சரக்கில் ஒரு பங்கு பிடித்த அதிகாரிக்குச் சேரும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் உள்ளதுதான்.

அவள் யார் யார் காலிலோ விழுந்தாள். பாதிரியார் ஜெபிக்கச் சொன்னார். ஊர்க்கோடி ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டார்கள். வீடு, கோழி, அம்மி எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஆண்பிள்ளையின் விலையில் காலே அரைக்கால்கூட வரவில்லை. கடைசியாக அகெதா அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நேரா என்கிட்ட வந்திருக்கக் கூடாதா?" என்றார் அந்த அம்மாள். "மரமெல்லாம் எப்பவோ காய்ச்சாச்சு. வந்திருந்தா அன்னிக்கே காகிதம் எழுதிக் கொடுத்திருப்பேனே."

கொடுத்திருப்பாரா? யாருக்குத் தெரியும். இனிமேல் சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆனால் பெத்ரோனிலா அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். பொய் என்று நினைத்தாலும் வலித்தது. நிஜம் என்று நினைத்தாலோ மூச்சே விட முடியவில்லை.

ஏலத்தில் அவனை எடுத்தவர் நிக்கராகுவாவின் கிரனாடாவிலிருந்து வந்த கழுதை வியாபாரி. ஊரில் வெள்ளிக்காசு ஏது? விலையைக் கொக்கோவாகவே கொட்டினார், மத்தினா கொக்கோதான். ஒப்படைக்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வரி கட்டி இறக்கிய அடிமைகளுக்குத் தோளில் ராஜ முத்திரை இருக்கும். ஊரிலேயே பிறந்த எவரிஸ்தோவுக்கு ஏது முத்திரை? கொல்லன் இரும்பைக் காய்ச்சினான். எவரிஸ்தோ பிறந்த தெருவுக்கு அடுத்த தெருவில், பூசைக்குப் போகும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வலது தோளில் போட்டார்கள். இனிமேல் எந்த ஊரிலும் எவனும் இவனைக் கள்ளச் சரக்கு என்று சொல்ல முடியாது என்று ஃபெர்மீன் துரை வியாபாரியிடம் உறுதி சொன்னார்.

கிரனாடா போகும் பாதை ஓச்சோமோகோ மேட்டில் ஏறும். கழுதைகள் வரிசையாகப் போக, கடைசிக் கழுதைக்குப் பின்னால் எவரிஸ்தோவைக் கட்டியிருந்தார்கள். பெத்ரோனிலா பக்கத்திலேயே நடந்தாள். தோளில் ஈ உட்காராமல் சால்வை நுனியால் விசிறிக்கொண்டே வந்தாள். பனிமூட்டத்தில் முன்னால் போகிறவர்கள் தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று அவள் ஊரிலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பாதிப் பேச்சைத்தான் கேட்டேன், மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும்.

மேட்டின் தலையில் வியாபாரி திரும்பிப் பார்த்து, "போதும்மா, இதுக்கு மேல வராதே. எறக்கத்துல கழுதை வேகமெடுக்கும்," என்றார்.

எவரிஸ்தோ அவள் முகத்தைப் பார்த்தான். "நீ மனசைப் போட்டு அலட்டிக்காதேடி. நீ சரியாத்தான் சொல்லிக் கொடுத்தே. அங்க போய் நின்னதும் எனக்குக் கை காலெல்லாம் உதறிடுச்சு. நான்தான் எங்கயோ ஒரு வார்த்தையைத் தப்பா சொல்லிட்டேன் போல."

"இல்லய்யா," என்றாள். "நீ ஒரு எழுத்துக்கூடத் தப்பா சொல்லல."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். கயிறு இழுத்தது. சரி சரி என்று தலையை ஆட்டியபடியே அவன் இறங்கிப் போனான்.